டைல்ஸ் ஒட்டும் முன்பே வெந்நீருக்கு வழி செய்யுங்கள்: வீட்டைப் புதுப்பிப்போர் அறிய வேண்டியவை

தோட்டத்து லயத்து வீடுகளில் வெந்நீர் என்றால் வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் கூட்டிய அடுப்பு, அதன்மேல் கரியேறிய அண்டா, அடியில் ரப்பர் விறகு. பிள்ளை பெற்றவளுக்கும், காய்ச்சல்காரருக்கும், மூட்டுவலிக்காரப் பாட்டிக்கும், தீபாவளி விடியற்காலையில் வீட்டில் உள்ள எல்லாருக்கும் அந்த அண்டாதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்த பிறகு, அண்டாவின் இடத்தைக் குளியலறைச் சுவரில் மாட்டிய ஒரு வெள்ளைப் பெட்டி பிடித்துக்கொண்டது.

பெட்டியை வாங்குவது எளிது. சில நூறு ரிங்கிட் கொடுத்தால் எந்த மின்சாதனக் கடையிலும் கிடைக்கும். சிக்கல், பெட்டிக்குப் பின்னால் சுவருக்குள் ஓட வேண்டிய வயரிலும் குழாயிலும் இருக்கிறது. வீட்டைப் புதுப்பிக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் டைல்ஸ் நிறத்துக்கும் சமையலறை அலமாரிக்கும் வாரக்கணக்கில் யோசிக்கின்றன. ஹீட்டரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகின்றன. குளியலறை முடிந்த பிறகு பொருத்த வருபவர், "வயர் எங்கே?" என்று கேட்பார். அப்போது மூன்று வழிகள்தாம் இருக்கும். புதிய டைல்ஸை உடைக்கலாம். சுவரின் மேலேயே பைப் போட்டு வயர் இழுக்கலாம். பார்க்க அழகில்லை, ஆனால் ஆபத்தில்லை. மூன்றாவது, பக்கத்தில் இருக்கும் பிளக் பாயிண்டிலிருந்தோ விளக்கு வயரிலிருந்தோ ஓர் இணைப்பை எடுத்துவிடுவது. செலவு குறைவு என்பதால் பலர் இந்த மூன்றாவதற்குத் தலையாட்டுகிறார்கள். உயிருக்கு உலை வைப்பது அதுதான்.

யார் குளிக்கிறார்கள், எத்தனை மணிக்கு?

எந்த ஹீட்டர் நல்லது என்று கடைக்காரரைக் கேட்பதற்கு முன், வீட்டுக்குள் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒரே குளியலறை, நான்கு பேர், ஒருவர் பின் ஒருவராகக் குளிப்பவர்கள் என்றால் தேவை ஒரு மாதிரி. மேல்மாடியில் இரண்டு, கீழே ஒன்று என மூன்று குளியலறைகள்; காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கும் வேலைக்கும் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பும் வீடு என்றால் தேவை முற்றிலும் வேறு.

நம் நாட்டில் மிகப் பரவலாக இருப்பது உடனடி ஹீட்டர். தண்ணீர் கருவிக்குள் ஓடும்போதே சூடாகிறது. சேமிப்புத் தொட்டி கிடையாது. வழக்கமான உடனடி ஹீட்டரின் மின்திறன் சுமார் 3.6 கிலோவாட். நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் தண்ணீரின் வெப்பநிலை ஏறக்குறைய 17 டிகிரி உயரும். கிள்ளானிலோ சுங்கைப்பட்டாணியிலோ குழாய்த் தண்ணீர் 27 டிகிரி அளவில் வருவதாக வைத்துக்கொண்டால், அது 44 டிகிரி ஆகிவிடும். குளிக்க இது அதிகம். கொஞ்சம் குறைத்துத்தான் வைக்க வேண்டியிருக்கும். நிமிடத்துக்கு 5 லிட்டராகத் திறந்தால் உயர்வு 10 டிகிரிதான், அதாவது 37. வெதுவெதுப்பான குளியலுக்கு இது போதும்.

இதே கருவியைக் கேமரன் மலைக்குக் கொண்டுபோனால் கதை மாறிவிடும். அங்கே தண்ணீர் 19, 20 டிகிரியில் வரும். 5 லிட்டர் ஓட்டத்தில் 30 டிகிரியை எட்டுவதே கஷ்டம். தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்கள், "ஹீட்டர் போட்டும் சுடவில்லை" என்று சொல்வது கருவியின் கோளாறு அல்ல, கணக்கின் கோளாறு. குளிர்ப்பிரதேசத்து வீட்டுக்குச் சேமிப்புத் தொட்டி உள்ள ஹீட்டரே பொருந்தும்.

சேமிப்பு ஹீட்டர் தண்ணீரை முன்கூட்டியே சூடாக்கி வைத்துக்கொள்கிறது. 30 லிட்டர் தொட்டியில் 1.5 கிலோவாட் கம்பி இருந்தால், தண்ணீரை 30 டிகிரி உயர்த்த முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். 60 டிகிரியில் இருக்கும் 30 லிட்டரைப் பச்சைத் தண்ணீருடன் கலந்தால் 40 டிகிரியில் சுமார் 75 லிட்டர் வரும் என்பது கணக்கு. நடைமுறையில் கொஞ்சம் குறையும். ஷவரில் இரண்டு பேர் தாராளமாகக் குளிக்கலாம். மூன்றாமவர் காத்திருக்க வேண்டும். வாளியில் மொண்டு குளிப்பவர்கள் என்றால் மூவர், சில சமயம் நால்வர்.

தீபாவளிக் காலையை வைத்து யோசித்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். பத்துப் பேர் தலையில் எண்ணெயுடன் வரிசையில் நிற்கும் வீட்டில் உடனடி ஹீட்டர் கடைசி ஆள் வரை அதே சூட்டில் கொடுக்கும். 30 லிட்டர் தொட்டி மூன்றாவது ஆளிலேயே ஆறிப்போகும். இதற்காக ஆண்டு முழுவதும் பெரிய தொட்டியைச் சூடேற்றி வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு நாள் கூட்டத்துக்கு வீட்டைத் திட்டமிடுவது வீண் செலவு.

மின்கட்டணத்தைப் பற்றிய பயம் சற்று மிகையானது. 3.6 கிலோவாட் ஹீட்டரைப் பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டினால் 0.6 யூனிட். நான்கு பேர், முப்பது நாள் என்றால் 72 யூனிட். யூனிட்டுக்கு 40 சென் என்று கணக்கு வைத்தால் மாதம் 29 ரிங்கிட்டுக்குள். குளிர்சாதனத்தை இரவு முழுக்க ஓடவிட்டுவிட்டு ஹீட்டரைத் திட்டுவதில் நியாயமில்லை.

தண்ணீரின் வேகத்தை அளந்து பாருங்கள்

ஹீட்டர் வாங்கி ஏமாறுவதற்கு முக்கியக் காரணம் தண்ணீரின் அழுத்தம். தாமான் வீடுகளில் சில குழாய்களுக்குப் பொதுக் குழாயிலிருந்து நேராகத் தண்ணீர் வரும். குளியலறைகளுக்குப் பெரும்பாலும் கூரைத் தொட்டியிலிருந்து இறங்கும். தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு உயரமே பலம். ஷவருக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்தில் தண்ணீர் மட்டம் இருந்தால் கிடைப்பது 0.1 பார் மட்டுமே. மேல்மாடிக் குளியலறைக்கு நேர் மேலே தொட்டி இருக்கும் வீடுகளில் நிலைமை இதுதான். உடனடி ஹீட்டருக்குள் ஓட்டத்தை உணரும் ஒரு சுவிட்ச் உண்டு. ஓட்டம் போதாவிட்டால் கம்பி சூடாகவே ஆகாது. விளக்கு எரியும், தண்ணீர் மட்டும் பச்சையாகவே வரும்.

பம்ப் உள்ள ஹீட்டர் அதற்காகத்தான். இதில் கவனிக்க வேண்டியது, பம்ப் உள்ள கருவியைக் கூரைத் தொட்டிக் குழாயில் மட்டுமே இணைக்க வேண்டும். பொதுக் குழாயிலிருந்து பம்ப் வைத்து நேராக உறிஞ்சுவது அனுமதிக்கப்படாத செயல். பக்கத்து வீட்டுத் தண்ணீரையும் அது இழுத்துவிடும். எனவே எந்தக் குளியலறைக்கு எந்தத் தண்ணீர் வருகிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். தொட்டிக்குப் போகும் குழாயை அடைத்து, தொட்டியும் காலியானபின் எந்தக் குழாயில் தண்ணீர் நிற்கிறது, எதில் ஓடுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு வாளியை வைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் நிறைகிறது என்று அளந்து எழுதிவைத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. உடனடி ஹீட்டருக்குத் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வு, தண்ணீர் கருவிக்குள் நுழையும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். வெளியேறும் பக்கத்தில், அதாவது ஷவர் கைப்பிடியில், விரலால் அழுத்தி நிறுத்தும் பொத்தான் வைத்த கைப்பிடிகளைச் சிலர் அழகுக்காக மாற்றிவிடுகிறார்கள். பொதுவான உடனடி ஹீட்டர்கள் அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கருவியோடு வந்த கைப்பிடியே இருக்கட்டும்.

வயரிங்: இங்கே சிக்கனம் வேண்டாம்

3.6 கிலோவாட் கருவி 230 வோல்ட்டில் ஏறக்குறைய 16 ஆம்பியர் இழுக்கும். சாதாரண மூன்று முள் பிளக் தாங்குவது 13 ஆம்பியர். ஹீட்டரைப் பிளக்கில் செருகக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். பிளக் உருகும், சுவருக்குள் வயர் சூடேறும், ஒரு நாள் புகை வரும்.

ஹீட்டர் ஒவ்வொன்றுக்கும் மெயின் சுவிட்ச் பெட்டியிலிருந்து தனி வயர் வர வேண்டும். 20 ஆம்பியர் சுற்றுக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் இழுப்பது நல்ல வழக்கம். குளியலறைக்கு வெளியே, ஈரக் கை எட்டாத இடத்தில், இரு முனைகளையும் துண்டிக்கும் 20 ஆம்பியர் சுவிட்ச் வேண்டும். குளிக்கிற நேரம் தவிர அதை அணைத்தே வைக்கலாம்.

இனி மிக முக்கியமானது. மெயின் பெட்டியில் வரிசையாக இருக்கும் சின்னச் சுவிட்சுகள், அதாவது எம்.சி.பி., வயரைக் காப்பாற்றுபவை. 20 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும். மனித உடலுக்கு அவ்வளவு தேவையில்லை. 30 மில்லிஆம்பியரைத் தாண்டிய மின்சாரமே இதயத் துடிப்பைக் குலைத்துவிடக்கூடும். மனிதரைக் காப்பாற்றுவது ஆர்.சி.டி. நம் மக்கள் பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்று சொல்வதும் இதைத்தான். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இல்லை என்றால், எங்கோ கசிகிறது என்று உணர்ந்து நொடிக்குள் துண்டித்துவிடும். பல வீடுகளின் முதன்மை ஆர்.சி.டி. 100 மில்லிஆம்பியர் கசிவுக்குத்தான் விழும். ஈரமான குளியலறையில் ஹீட்டருக்கு இது போதாது. நாட்டின் மின்சார விதிமுறைப்படி ஹீட்டர் சுற்றுக்கு 10 மில்லிஆம்பியர் ஆர்.சி.டி. தனியாக வேண்டும்.

ஹீட்டருக்குள்ளேயே இ.எல்.சி.பி. இருக்கிறதே என்று விற்பனையாளர் சொல்லக்கூடும். இருக்கிறதுதான். ஆனால் அது தனக்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டுமே கவனிக்கிறது. சுவருக்குள் வரும் வயரையோ, சுவிட்சையோ அது பார்ப்பதில்லை. இரண்டும் இருக்க வேண்டும்.

தரைக் கம்பி எனப்படும் எர்த் இணைப்பும் அப்படியே. பழைய வீடுகளில் வெளிச்சுவரோரம் மண்ணில் அடித்த செம்புக் கம்பி இருக்கும். அதற்குப் போகும் வயர், முன்கட்டை நீட்டியபோதோ சிமெண்டு போட்டபோதோ அறுந்து போயிருக்கும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், விளக்குகள் எல்லாம் நன்றாக எரிந்துகொண்டிருப்பதால். புதுப்பிக்கும்போது எர்த்தைக் கருவி வைத்து அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். பழைய ஃபியூஸ் பெட்டி இன்னும் இருக்கும் தோட்ட வீடுகளிலும் கம்பத்து வீடுகளிலும் பெட்டியை மாற்றாமல் ஹீட்டர் போடவே கூடாது.

புதிதாகப் போட்ட 10 மில்லிஆம்பியர் ஆர்.சி.டி. அடிக்கடி விழுகிறது என்று சலித்துக்கொண்டு, அதைக் கழற்றிவிட்டுப் பெரியது போடச் சொல்பவர்கள் உண்டு. குரைக்கிற நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்குவது போன்றது இது. அது விழுகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. பெரும்பாலும் ஹீட்டரின் சூடேற்றும் கம்பி வெடித்திருக்கும், அல்லது இணைப்பில் தண்ணீர் இறங்கியிருக்கும். மாற்ற வேண்டியது அதை.

இந்த வேலையைச் செய்பவர் எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற மின்கம்பியராக இருக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டுபவரே, "அதையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். குத்தகையாளரிடம் பேசும்போதே மின்கம்பியரின் பதிவு அட்டையைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வீட்டின் வயரிங்கைப் புதிதாகச் செய்தால், வேலை முடிந்ததற்கும் சோதனை செய்ததற்கும் அவர் கையெழுத்திட்டுத் தரும் ஜி பாரத்தையும் எச் பாரத்தையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கருவியில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதும் அவசியம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் முத்திரையில்லாத ஹீட்டர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

மூன்று குளியலறைக்கு மூன்று உடனடி ஹீட்டர், இரண்டு மூன்று குளிர்சாதனம், மின்சார அடுப்பு என்று சேர்ந்துவிட்டால் ஒற்றைக்கட்ட இணைப்பு தாங்குமா என்பதையும் மின்கம்பியர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். மும்முனை இணைப்புக்கு மாறுவதென்றால் தெனாகா நேஷனலிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு நேரமும் பணமும் பிடிக்கும். இதை வேலை தொடங்கும் முன் அறிந்துகொள்வதும், பாதியில் அறிந்துகொள்வதும் ஒன்றல்ல.

தொட்டி வைப்பதென்றால் குழாய்

உடனடி ஹீட்டருக்குப் பச்சைத் தண்ணீர்க் குழாய் ஒன்று வந்தால் போதும். சேமிப்பு ஹீட்டருக்கும் சூரிய வெப்ப ஹீட்டருக்கும் சுவருக்குள் வெந்நீர்க் குழாய் தனியாக ஓட வேண்டும். வழக்கமான பி.வி.சி. குழாய் சூட்டில் இளகிவிடும். செம்பு, துருப்பிடிக்காத எஃகு, அல்லது சூடாக்கி ஒட்டும் பி.பி.ஆர். குழாய் வேண்டும். பி.பி.ஆரிலும் வெந்நீருக்கு உரிய தடிமனான ரகம் உண்டு. பச்சைத் தண்ணீருக்கானதைப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. குழாயின் மேலே அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். டைல்ஸ் ஒட்டும் முன் குழாயில் அழுத்தம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். கசிவை அன்று கண்டுபிடித்தால் பத்து நிமிட வேலை. ஆறு மாதம் கழித்துக் கீழ்மாடிக் கூரையில் ஈரம் கண்டு தேடினால் சுவரையே உடைக்க வேண்டியிருக்கும்.

தொட்டி எங்கே, ஷவர் எங்கே என்ற தூரமும் முக்கியம். பத்து மீட்டர் குழாயில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு முறையும் அந்த ஆறிய தண்ணீர் ஓடித் தீர்ந்த பிறகே வெந்நீர் வரும். மேலே கூரைக்குள் தொட்டியைத் தூக்கி வைப்பவர்கள் எடையையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 50 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 50 கிலோ. சட்டம் தாங்க வேண்டும், பழுதுபார்க்க ஆள் ஏற வழியும் வேண்டும்.

சேமிப்புத் தொட்டியில் அழுத்தம் மிகுந்தால் தண்ணீரை வெளியே விடும் பாதுகாப்பு வால்வு ஒன்று இருக்கும். அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவது இயல்பு. அதைக் கசிவு என்று நினைத்து அடைத்துவிட்டால் தொட்டி வெடிக்கும் அபாயம் உண்டு. அந்தச் சொட்டு வடிய ஒரு குழாயை வெளிக்கால்வாய் வரை இழுத்துவிடுவதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 60 டிகிரித் தண்ணீர் குழந்தையின் தோலைச் சில வினாடிகளில் பொசுக்கிவிடும். நீரிழிவு நோய் நம் சமூகத்தில் அதிகம். காலில் உணர்ச்சி குறைந்த பெரியவர்களுக்குத் தண்ணீர் சுடுவதே தெரியாமல் கொப்புளம் கண்டுவிடுகிறது. தொட்டி வைக்கும் வீடுகளில், பச்சைத் தண்ணீரைத் தானாகக் கலந்து அளவான சூட்டில் அனுப்பும் கலவை வால்வு போடுவது பணத்துக்கு நல்ல பயன். பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து குளிப்பவர்கள் என்றால், உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் குழாய் இருக்கட்டும். பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைக் குழந்தைக்கும் ஷவரைவிட வாளிதான் வசதி. வாளி நிறைக்கத் தாழ்வாக ஒரு வெந்நீர்க் குழாய் வைத்தால் வீடே நன்றி சொல்லும்.

கூரையில் சூரிய ஹீட்டர்

பல ஆயிரம் ரிங்கிட் செலவு. மின்சாரம் மிச்சம் என்பது உண்மை. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் எந்தத் திசை என்பதைவிட நிழல் விழாத இடமா என்பதே பெரிய கேள்வி. 300 லிட்டர் தொட்டி தண்ணீரோடு 300 கிலோவைத் தாண்டும். பழைய மரச்சட்டக் கூரை அதைத் தாங்குமா என்று தெரிந்தவரிடம் கேட்காமல் ஏற்றக் கூடாது. கூரையைப் புதுப்பிக்கும்போதே முடிவெடுத்தால் சட்டத்தை வலுப்படுத்துவது சுலபம்.

விற்பனையாளர் சொல்ல மறக்கும் ஒன்று: தீபாவளி மழைக்காலத்தில்தான் வருகிறது. விடியற்காலைக் குளியலுக்குப் பயன்படுவது முதல் நாள் வெயில். முதல் நாள் முழுக்க மூட்டமாக இருந்தால், உள்ளே இருக்கும் துணை மின்கம்பியைத்தான் நம்ப வேண்டும். ஆகவே சூரிய ஹீட்டருக்கும் தனி வயரும் 10 மில்லிஆம்பியர் ஆர்.சி.டி.யும் தேவை. ஒரே குளியலறை உள்ள சிறு குடும்பத்துக்கு இந்த முதலீடு அவசியமே இல்லை. ஆறேழு பேர், மூன்று குளியலறை, பல ஆண்டுகள் குடியிருக்கப்போகும் சொந்த வீடு என்றால் யோசிக்கலாம். வெளிக்காற்றின் சூட்டைப் பிடித்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் ஹீட் பம்ப் கருவியும் இப்போது கிடைக்கிறது. நம் வெப்பமான காற்றில் அது நன்றாக வேலை செய்யும். சேமிப்பு ஹீட்டர் எடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போதும். வாங்கும் விலைதான் அதிகம்.

கேஸ் ஹீட்டரை மூடிய குளியலறைக்குள் வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. குளிப்பவர் மயங்கி விழும்வரை தெரியாது.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத் தேர்வு குறைவு. கூரை பொது, சுவருக்குள் ஓடும் குழாய்களும் பலவிடங்களில் பொது. உடைப்பதற்கு முன் கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். உடனடி ஹீட்டரே இவர்களுக்குப் பொருத்தம்.

வேலையின் வரிசை

உடைக்கும் முன் தண்ணீர் அழுத்தமும் எர்த்தும் அளக்கப்பட்டு, ஹீட்டர் வகை முடிவாகியிருக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் கருவி என்பதைக் கடைசியில் முடிவு செய்யலாம். எந்த வகை என்பதை அல்ல. ஷவரின் தண்ணீர் நேராகத் தெறிக்காத உயரத்தையும் இடத்தையும் சுவரில் சாக்குக் கட்டியால் குறித்துவிடுங்கள். பிறகு வயர், குழாய், சோதனை, அதன் பின்னர்தான் பூச்சும் டைல்ஸும். இன்று வெந்நீர் தேவையில்லாத குளியலறைக்கும் வெறும் வயர் பைப்பை மட்டுமாவது சுவருக்குள் புதைத்து வைக்கலாம். வயதான பெற்றோர் வந்து தங்கும் நாளில் உடைக்க வேண்டியிருக்காது.

தண்ணீர் விநியோகம் தடைபட்டுத் திரும்ப வரும்போது முதலில் வருவது கலங்கல். தெளியும்வரை வேறு குழாயைத் திறந்துவிட்டு, அதன் பிறகே ஹீட்டரைப் போட வேண்டும். சேமிப்புத் தொட்டி வெறுமையாக இருக்கும்போது சுவிட்சைப் போட்டால் கம்பி கருகிவிடும். கிளந்தான் போன்று நிலத்தடி நீரில் இரும்புச் சத்து அதிகமுள்ள இடங்களில், தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள சல்லடையை அடிக்கடி கழுவ வேண்டும். இடி மின்னல் நேரத்தில் ஹீட்டரை அணைத்துவிடுங்கள்.

வீட்டை ஒப்படைக்கும் நாளில் குத்தகையாளர் முன்னிலையிலேயே ஹீட்டரை ஓடவிட்டு, ஆர்.சி.டி.யில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அதன் பிறகு மாதம் ஒருமுறை அழுத்துவது வீட்டில் யாராவது ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும். சுவரைப் பூசி மூடும் முன், அளவு நாடாவைச் சுவரில் பிடித்தபடி ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்துச் சாமி படம் மாட்ட ஆணியடிக்கும்போது, வெந்நீர்க் குழாய் எங்கே போகிறது என்று அந்தப் படம்தான் சொல்லும்.